65,536-க்குக் கீழே

இங்கிலாந்தில் மருத்துவத் துறையின் டிஜிட்டல் அறிவு போதாது என்று பேச்சு எழுந்தால், வகுப்பில் முதலில் உட்கார வேண்டியவர்கள் நர்ஸ்களும் முதியோர் இல்லப் பணியாளர்களும்தான். இருக்கட்டும்.

2020 செப்டம்பர் கடைசியில், நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் கொட்டியது. அது 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது. மிச்சத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். விழுங்கியது 15,841 தொற்றாளர்களை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. (ஏப்பம்கூடக் கேட்கவில்லை.) பத்து லட்சம் வரிசை கொள்ளும் புதிய வகை 2007-லேயே வந்தாயிற்று.

இரவுப் பணி முடித்த நர்ஸுக்குக் கடவுச்சொல் பாடம் நடத்துவதில் தவறில்லை. மேலதிகாரிகளுக்கும் ஒரு வகுப்பு வைக்கலாம். வருகைப் பட்டியலை மட்டும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.