மழை தெரிந்த கார்

கம்பம் பள்ளத்தாக்கில் புதுக் கார் எடுப்பவர்களின் தொலைநோக்கை மெச்ச வேண்டும். கூடுதலாகப் பணம் கட்டி, மழை பெய்தால் தானே ஓடும் வைப்பர் உள்ள மாடலாகப் பார்த்து எடுக்கிறார்கள். தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும் ஊருக்கு இது அத்தியாவசியம்தானே! நமக்கு 1895 முதல் மழை சுரங்கம் வழியாகத்தான் வருகிறது, முல்லைப் பெரியாறு அணை தயவில். அது கண்ணாடியில் விழாதது சென்சாரின் குற்றமா?

வேலை செய்யும் அழகே தனி. உள்ளிருந்து அகச்சிவப்புக் கதிர் கண்ணாடிக்குள் பாயும். காய்ந்திருந்தால் அப்படியே திரும்பி வரும். துளி பட்டால் கொஞ்சம் வெளியே கசிந்துவிடும். திரும்பி வருவது குறைந்தால் மழை! வெறுங்கண்ணால் மழையைக் கண்டுபிடித்த காட்டுமிராண்டிக் காலம் ஒழிந்தது. ஸ்டியரிங் பக்கத்துக் குச்சியை ஒரு விரலால் தட்டும் கொடுமையும் ஒழிந்தது.

லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறும்போது சாரல் அடிக்கும். வைப்பர் ஒரு தரம் அசையும். வண்டிக்குள் கைதட்டல்.

அணையிலும் ஒரு சென்சார் வைக்கலாம். நீர்மட்டம் 142 அடியைத் தொட்டதும் இரு மாநில அறிக்கைகளும் தானாகவே வெளியாகட்டும். புதிதாக எழுத அதில் என்ன இருக்கிறது?

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். காரை வாட்டர் சர்வீசுக்கு விடும்போது அந்தக் குச்சியைத் தட்டி வைப்பரின் ஆட்டோ முறையை அணைத்துவிடுங்கள். பைப் தண்ணீர் எது, மழை எது என்று அதற்குத் தெரியாது. துடைக்கிற பையனின் கையில் அடித்துவிடும்.