வெள்ளி பின்னேர பஸ்

மன்னார்த் தீவுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்றாலே பாலம் தாண்டிப் போய் வேறொரு ஊரில் தங்குவதுதான். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பேராதனைக்குப் போனேன். என் தங்கையின் பேத்தி இப்போது வவுனியாவில் படிக்கிறாள். இரண்டு பேரும் தங்கிய இடங்களை யோசித்துப் பார்த்தால், ஒரு விடுதி நல்லதா இல்லையா என்பதை அறையை வைத்துச் சொல்லவே முடியாது என்று படுகிறது.

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பை விட்டுப் பேராதனைக்கு வந்தது. துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸுக்கு ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாதிரி வேண்டியிருந்தது: மாணவர் எல்லாரும் வளாகத்திலேயே தங்க வேண்டும், ஆளுக்கொரு அறை, ஹோல் என்ற ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு வோர்டன், கூடியிருந்து உண்ண ஒரு மண்டபம். அறுபதுகளில் தாய்மொழியில் படித்த பிள்ளைகள் கிராமங்களிலிருந்து திரளாக வந்ததும் அந்தக் கணக்கு நிற்கவில்லை. நான் போனபோது ஒருவருக்கென்று கட்டிய அறையில் இரண்டு பேர். மேசை ஒன்றுதான். சாமம் வரை அறைத்தோழி, விடியப்புறம் நான் என்று முறை வைத்துப் படித்தோம்.

அப்படியிருந்தும் அந்த இடத்தை வீடாகவே நினைத்தேன். காரணம் எளிது. வீட்டுக்குப் போக வழியில்லை. மன்னாரில் இரவு ரயில் ஏறினால் விடியும் நேரம் பொல்காவெலயில் இறங்கி, கண்டிப் பக்கம் போகிற ரயிலுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். விடுமுறை வந்தால்தான் ஊர். ஆகவே சனி ஞாயிறு எல்லாம் ஹோலில்தான் கழிந்தன. உடுப்புத் தோய்ப்பதும், தலை பின்னிவிடுவதும், காய்ச்சலில் கிடப்பவளுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுப்பதும் அந்த இரண்டு நாளில்தான் நடந்தன.

அது உணவுத் தட்டுப்பாட்டுக் காலம், பாணுக்கே வரிசை. அம்மா பேசாலைச் சீலாக் கருவாட்டைப் பனையோலைப் பெட்டியில் அடுக்கி, மேலே ஒடியலும் வைத்துக் கட்டித் தருவா. ஹோல் சமையலறையில் வேலை செய்த பெண் ஒருவர் கருவாட்டைப் பொரித்துத் தருவார். மணம் நடைபாதை முழுக்கப் போய்விடும். தட்டை ஏந்திக்கொண்டு முதலில் வந்தவள் மாத்தறைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. வகுப்பில் மொழி எங்களைப் பிரித்து வைத்திருந்தது. அந்தச் சாப்பாட்டு மேசை இல்லையென்றால் நாங்கள் பழகியே இருக்க மாட்டோம்.

இதையெல்லாம் பொற்காலம் என்று எழுத என் கை வராது. 1983 மே மாதத்தில் அதே பேராதனையில் தமிழ் மாணவர்கள் அடிக்கப்பட்டு விடுதிகளிலிருந்து துரத்தப்பட்டார்கள். நான் அதற்கு முன்பே படித்து முடித்து வந்துவிட்டேன். ஆனால் நான் தலை சாய்த்த கட்டில்களில் படுத்திருந்த பிள்ளைகள் உயிருக்குப் பயந்து ஓடியதை நினைக்க இன்றும் நெஞ்சு அடைக்கிறது. 1990இல் போரால் தலைமன்னார் ரயில் பாதையும் நின்றது. 2015இல்தான் மறுபடி ரயில் தீவுக்குள் வந்தது.

இப்போது பேத்தியின் கதை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. அது இருக்கும் பாம்பைமடு மன்னார் வீதியில்தான். பஸ் ஏறினால் பின்னேரத்துக்குள் வீடு. முதல் வருடம் விடுதி. இப்போது வெளியே ஒரு வீட்டில் போர்டிங். தனி அறை, அறையோடு குளியலறை, மின்விசிறி, வைஃபை. எங்களுக்குக் கனவிலும் வராத வசதி. பக்கத்து அறையில் யார் என்று கேட்டேன்.

“தெரியாது அம்மம்மா. கதவு எப்பவும் பூட்டித்தான் கிடக்கும்.”

அறையின் அமைப்பு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பாம், வாலின்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆராய்ந்து 1977இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். நீண்ட நடைபாதையின் இருபுறமும் முப்பதுக்கு மேற்பட்டோர் தங்கி ஒரே குளியலறையைப் பகிர்ந்த கட்டடத்தில், பிள்ளைகள் நெரிசலை உணர்ந்து ஒருவரை ஒருவர் தவிர்த்தார்கள். நான்கு முதல் ஆறு பேர் ஒரு சிறு கூடத்தைச் சுற்றி வாழ்ந்த கட்டடத்தில் அந்தக் குறை அவ்வளவாக இல்லை. ஆளுக்குக் கிடைத்த இடம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்கள் நடைபாதையும் நீளம்தான். எங்களைக் காப்பாற்றியது அந்தச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமைந்த ஏழெட்டுப் பேர் வட்டம்.

இறுதி வருடத்துக்கு விடுதியில் மறுபடி இடம் கேட்கிறாள். மாதத்தில் இரண்டு சனி ஞாயிறாவது அங்கேயே நில் என்றேன்.

“நிண்டு என்ன செய்யிறது? வெள்ளி பின்னேர பஸ்ஸில எல்லாரும் போயிடுவினம்.”

அவள் மேல் பிழை இல்லை. வீடு பக்கத்தில் இருக்கும் காலத்தில் கட்டிலும் கதவும் மட்டும் போட்டால் விடுதி ஐந்து நாள் சத்திரமாகத்தான் இருக்கும். இனி விடுதி கட்டுகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டு: ஆறு பேருக்கொரு கூடம், சனி ஞாயிறும் அடுப்பெரியும் ஒரு சமையலறை. குளியலறையைப் பிறகு பெரிதாக்கலாம்.