வாத்தியாருக்கு லீவு கொடுத்த மாணவர்கள்

கல்லூரியில் லீடர்ஷிப் கான்ஃபரன்ஸ் என்றால் நம் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: ஓ.டி. என்ற ‘ஆன் டியூட்டி’ லீவு உண்டா? உண்டு என்றால் ஆடிட்டோரியம் நிரம்பும். குத்துவிளக்கு ஏற்றுவார்கள். நாளைய தலைவர்கள் நீங்கள்தான் என்று மைக்கில் ஒருவர் முழங்குவார். இன்றைய தலைவர் முன்வரிசை சோபாவில் உட்கார்ந்து வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாணவர்கள் நாளை வரைக்கும் காத்திருக்காத ஊர் ஒன்று இருந்தது. இத்தாலியில் போலோன்யா. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம், பிறந்த வருஷம் 1088. அப்படி யாரும் அன்றைக்குக் குறித்து வைக்கவில்லை. 1888இல் எண்ணூறாவது ஆண்டு விழா எடுக்க ஆசை வந்தது. கவிஞர் கார்டூச்சி தலைமையில் ஒரு கமிட்டி கூடி, பின்னோக்கிக் கணக்குப் போட்டு 1088 என்றது. சேர்க்கைக்கு வந்த பையனுக்கு ஹெட்மாஸ்டர் ஜூன் மாதத்தில் ஒரு பிறந்த தேதி எழுதிக்கொண்ட கதைதான்.

அங்கே சட்டம் படிக்க வந்தவர்களில் பலர் மீசை முளைக்காத பையன்கள் அல்ல. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் என்று எங்கிருந்தோ மலையேறி வந்த வளர்ந்த ஆட்கள்; வேலைக்காரனோடு வந்த பிரபு வீட்டுப் பிள்ளைகளும் சர்ச்சில் பதவி பார்த்தவர்களும் உண்டு. ஆனால் வெளியூர்க்காரனுக்கு அந்த ஊரில் உரிமை ஒன்றும் கிடையாது. வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றுவார்கள். இவன் நாட்டுக்காரன் எவனோ வாங்கிய கடனுக்கு இவனைப் பிடித்து உட்கார வைப்பார்கள். அப்படிச் செய்யக்கூடாது என்று பேரரசர் பிரெடரிக் பார்பரோசா 1150களில் சாசனமே போட்டார். பேரரசர் எப்போதாவது வருவார். வீட்டுக்காரர் தினமும் வருவாரே! ஆகவே சங்கம் வைத்தார்கள். ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கத்தவருக்கு ஒன்று, இந்தப் பக்கத்தவருக்கு ஒன்று. உள்ளூர்ப் பையனுக்கு ஓட்டு இல்லை. வாத்தியாருக்கும் இல்லை, அவருக்குக் கட்டளைதான். வாத்தியார் வீட்டில் அடுப்பெரிவது மாணவன் கொடுக்கும் ஃபீஸில். அப்புறம் கேட்க வேண்டுமா?

14ஆம் நூற்றாண்டில் அவர்கள் எழுதிவைத்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் அங்கே போய் உட்காருவோம்.

காலை மணி அடிக்கிறது. மாணவர்கள் சாவகாசமாக பெஞ்சில் சாய்ந்திருக்கிறார்கள். அங்கி தடுக்கத் தடுக்க ஓடி வருகிறவர் பேராசிரியர். மணியோடு பாடம் தொடங்க வேண்டும். அடுத்த மணி அடித்து ஒரு நிமிஷத்துக்குள் வாயை மூட வேண்டும். மீறினால் அபராதம். புரியாத இடம் வந்தால், ‘அதைக் கடைசியில் பார்க்கலாம்’ என்று நழுவ முடியாது. அத்தியாயத்தைத் தாண்டினால் அபராதம். வகுப்புக்கு ஐந்து பேர்கூடச் சேராவிட்டால் அவர் வரவில்லை என்று கணக்கு, அதற்கும் அபராதம். இந்த விதி நம் பக்கம் இருந்தால் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பாதிப் பேருக்குச் சம்பளம் மிஞ்சாது.

போர்ஷன் முடிக்காமல் ஏமாற்றவும் வழியில்லை. புத்தகத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் தேதிக்குள் எந்தத் துண்டு முடிய வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்துவிடுவார்கள். வருஷத் தொடக்கத்திலேயே வாத்தியார் 10 போலோன்யா பவுண்டை லேவாதேவிக்காரரிடம் டெபாசிட் கட்ட வேண்டும். எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாளுக்கு அதிலிருந்து பிடித்தம். இதையெல்லாம் கண்காணிக்க மாணவர்களிலேயே நாலு பேரை ரகசியமாக நியமித்திருந்தார்கள். முன்பெஞ்சில் பயபக்தியோடு தலையாட்டும் பையன் குறிப்பெடுப்பது பாடத்தையா, பாடம் எடுப்பவரையா என்பது வாத்தியாருக்குத் தெரியாது.

ஒருநாள் லீவு வேண்டுமென்றாலும் மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஊரைவிட்டு வெளியே போவதென்றால், திரும்பி வருவேன் என்பதற்குப் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும். ஓ.டி. கேட்டு வாசலில் நின்றது யார் என்று இப்போது விளங்கியிருக்கும்.

இனி மாநாட்டுக்குப் போவோம். மாநாட்டுக் கூடம் கிடையாது, கேம்பஸே கிடையாது. பாடம் நடப்பது வாடகை அறைகளில், கூட்டம் நடப்பது புனித டொமினிக் சபைச் சாமியார்களின் இடத்தில். இரவல் இடம்தான், ஆனால் பேசியது எடுபட்டது. ஆளுக்கு ஒரு வெள்ளை விதை, ஒரு கறுப்பு விதை. பெட்டியில் ஒன்றைப் போட்டால் அதுதான் ஓட்டு. தலைவர் என்பவர் ரெக்டர், அவரும் மாணவர்தான். வயது 24 ஆகியிருக்க வேண்டும்; கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது; சொந்தச் செலவில் ஐந்து வருஷம் சட்டம் படித்திருக்க வேண்டும். அவருக்குக் கீழ்ப்படிவேன் என்று பேராசிரியர்கள் சத்தியம் செய்தார்கள்.

பதவி சும்மா வரவில்லை. பக்கத்துப் பதுவாவில் ரெக்டர் பதவியேற்றதும் மாணவர்கள் மேலே பாய்ந்து அவர் உடுப்பைக் கிழித்துவிடுவார்கள். கிழிந்த துணியை அவர்களிடமே காசு கொடுத்து, அதுவும் அநியாய விலைக்கு, அவர் மீட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கூத்து எல்லை மீறுகிறது என்று 1552இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கும் கிழிப்பதை நிறுத்தச் சொல்லத் துணிச்சல் வரவில்லை; கொஞ்சம் பார்த்துக் கிழியுங்கள் என்றது.

இவ்வளவு தெனாவட்டு எங்கிருந்து வந்தது? கட்டடம் இல்லாததிலிருந்துதான். லேப் இல்லை, ஹாஸ்டல் இல்லை, காலேஜ் பஸ் இல்லை. கோபம் வந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். 1204இல் ஒரு கூட்டம் விசென்சாவுக்குப் போனது. 1215இல் அரெஸ்ஸோவுக்கு. 1222இல் பதுவாவுக்குப் போன கூட்டம் அங்கே புதிதாக ஒரு பல்கலைக்கழகத்தையே உண்டாக்கிவிட்டது. வாடகை, சாப்பாடு, துணிமணி, ஒயின் என்று மாணவனை நம்பிப் பிழைத்த ஊருக்கு வயிற்றில் புளி கரைந்தது. நம் ஊரில் ஸ்ட்ரைக் என்றால் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். அவர்கள் கேட்டையே அடுத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வாத்தியார்கள் அப்பாவிகள் என்று இரக்கப்பட வேண்டாம். அவர்களும் தனியாகச் சங்கம் வைத்து ஒரே ஓர் ஆயுதத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்: பரீட்சை. வருஷமெல்லாம் அபராதம் போட்டவன் கடைசியில் பட்டம் வாங்க அவர்கள் முன்னால்தான் கைகட்டி நிற்க வேண்டும். ஒடோஃப்ரெடுஸ் என்ற பெரிய சட்டப் பேராசிரியர், 1265இல் இறந்தவர், வகுப்பிலேயே மனம்விட்டுப் பேசியது பதிவாகியிருக்கிறது. அடுத்த வருஷம் கூடுதல் வகுப்பு எடுக்கப்போவதில்லையாம். கற்றுக்கொள்ள எல்லாருக்கும் ஆசை, காசு கொடுக்கத்தான் யாருக்கும் மனசில்லையாம்.

அந்த ஃபீஸ் பாக்கியால்தான் மாணவர் ராஜ்ஜியத்தில் ஓட்டை விழுந்தது. 1280 வாக்கில் நகரசபை பேராசிரியருக்குத் தானே சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் மாணவர்களுக்குக் கொண்டாட்டம்: ஆளைத் தேர்ந்தெடுப்பது நாம், பணம் மட்டும் ஊருடையது! படியளக்கிறவன் பக்கம்தான் தலை திரும்பும் என்பது ஐந்து வருஷம் சட்டம் படித்தவர்களுக்கும் உறைக்கவில்லை. விதிகள் ஏட்டில் அப்படியே இருந்தன; வாத்தியார் ஓடி வருவதுதான் மெல்ல நின்றது.

1563இல் போப்பின் ஆட்சியில் இருந்த அந்த ஊரில் பல்கலைக்கழகத்துக்கு அழகான சொந்தக் கட்டடம் எழுந்தது. ஆர்க்கிஜின்னாசியோ என்று பெயர். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். சுவர், கூரை எங்கும் ஆயிரக்கணக்கான குலச்சின்னங்கள், பெரும்பாலும் மாணவர்களுடையவை. மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப முடியாதபடி மாணவனைச் சுவரிலேயே பதித்தாயிற்று. அதிகாரத்தை வாங்கிக்கொண்டு மொமென்டோ கொடுத்து அனுப்பும் வழக்கத்தில் போலோன்யா நமக்கெல்லாம் சீனியர்.