சம்பளம் வாங்காத எஜமானர்கள்

ஒரு பைசா வாங்காமல் வேலை பார்க்கிறவரை எப்படிக் கேள்வி கேட்பது? கேட்டால், கேட்டவனுக்குத்தான் நன்றி கெட்டவன் என்ற பட்டம் கிடைக்கும். இந்தச் சங்கடத்தையே முதலாகப் போட்டுப் பெரிய மனிதர்களாக உலவுகிற கூட்டம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. பார்வையற்றோருக்கான வாசிப்பு வானொலிகளின் கௌரவ நிர்வாகக் குழுக்களைச் சொல்கிறேன். எல்லாக் குழுக்களையும் சொல்லவில்லை. இதைப் படித்ததும் ‘நல்லவேளை, நம்மைச் சொல்லவில்லை’ என்று எந்தத் தலைவருக்காவது நிம்மதி வந்தால், அவரைத்தான் சொல்கிறேன்.

வாசிப்பு வானொலி நல்ல சரக்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1969 ஜனவரி 2 அன்று மினசோட்டா மாநிலத்தில் முதலாவது சேவை தொடங்கியது. காலேஜ்வில் என்ற ஊரில் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தின் எஃப்.எம். நிலையமான கே.எஸ்.ஜே.ஆர். பாட்டுப் போட்டுக்கொண்டிருக்க, அதன் அலையின் முதுகில் சப்கேரியர் என்ற இன்னொரு ஒலி ஏறிப் போனது. சாதாரண ரேடியோவில் அது கேட்காது. பிடிப்பதற்குத் தனிப்பெட்டி வேண்டும், அதையும் வீட்டுக்கு இரவலாகக் கொடுத்தார்கள். முள்ளைத் திருகி நிலையம் தேடுகிற வேலை இல்லை. போட்டால் பேசும், ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். சர்க்கரையிலோ முதுமையிலோ கண் போன எண்பது வயதுப் பாட்டிக்கு இதைவிட மரியாதையான கருவியை அதற்குப் பிறகு யாரும் செய்துவிடவில்லை. அன்றைய உள்ளூர்ப் பத்திரிகை, மரண அறிவித்தல், நகரசபைச் செய்தி, இந்த வாரம் எந்தக் கடையில் கோழி என்ன விலை என்பது வரை தொண்டர்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். 1971-இல் கான்சஸ் சேர்ந்தது, பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது. பார்வையற்றோருக்கென்று லாப நோக்கின்றி இப்படி ஒலிபரப்பினால் பதிப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம் என்று 1976-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு விலக்கே கொடுத்தது.

ஆக, அலை, பெட்டி, வாசிக்கிற எழுத்து, நன்கொடைக்கு வரிச் சலுகை என்று இந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்த எல்லாமே யாரோ சிலருக்குக் கண் தெரியவில்லை என்பதன் பேரில் வந்தவை. அந்தச் சிலரில் ஒருவராவது நிர்வாகக் குழுவில் உட்கார வேண்டும் என்று மட்டும் அந்தச் சட்டப் பிரிவில் எழுதவில்லை. எழுதாததைச் செய்வதற்கு நம் கனவான்கள் என்ன ஏமாளிகளா?

இங்கே தொண்டர்களில் இரண்டு ரகம். முதல் ரகம் மைக்கின் முன்னால் உட்காருகிறவர்கள். பனி கொட்டுகிற விடியலில் காரை ஓட்டி வந்து, கம்பளி மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு, இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார்கள். மரண அறிவித்தலில் ஒரு போலந்துக் குடும்பப் பெயரைக் கடித்துத் துப்பினால், பத்தே நிமிடத்தில் தொலைபேசி மணி அடிக்கும். மறுநாள் அவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். இவர்களை நான் கும்பிடுகிறேன்.

இரண்டாம் ரகம் மேஜையைச் சுற்றி உட்காருகிறவர்கள். வங்கி அதிகாரி ஒருவர், வக்கீல் ஒருவர், வீட்டு மனை விற்கிறவர் ஒருவர், ஓய்வு பெற்ற விளம்பர நிறுவனக்காரர் ஒருவர். கண் டாக்டர் ஒருவர் கட்டாயம் இருப்பார். பார்வையற்றவர்களைப் பற்றி அவருக்குத் தெரியாததா? தன்னால் குணப்படுத்த முடியாமல் போனவர்கள் என்ற அளவில் நன்றாகவே தெரியும். இவர்கள் செய்கிற தவறுக்கு எந்த மணியும் அடிக்காது. தவறு நடந்தது என்பதே இரண்டு வருடம் கழித்து, நிலையத்தின் சேமிப்பு கரைந்த பிறகுதான் வெளியே வரும். அதற்குள் தலைவரின் பதவிக்காலம் முடிந்து, கண்ணாடியில் பெயர் பொறித்த பரிசோடு அவர் வேறொரு குழுவுக்குப் போயிருப்பார்.

சட்டமும் அவர்களுக்குக் குடை பிடிக்கிறது. 1997-இல் வந்த தொண்டர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சம்பளம் வாங்காமல் தொண்டு நிறுவனத்துக்கு உழைக்கிறவர் சாதாரணக் கவனக்குறைவால் விளைவித்த கேட்டுக்குப் பொதுவாகத் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டியதில்லை. நல்ல நோக்கம்தான், இல்லையென்றால் தொண்டுக்கு யாருமே வரமாட்டார்கள். ஆனால் மைக்கில் பெயரைத் தப்பாக உச்சரிக்கிறவருக்காக யோசித்ததுபோல இருக்கிற இந்தக் குடைக்குள் முழுசாக நனையாமல் நிற்கிறவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களில் ஓரளவு வரவுசெலவு உள்ளவை வருடா வருடம் வருமானவரித் துறைக்கு 990 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். படிக்கச் சுவையான இலக்கியம் அது. வாக்குரிமை உள்ள உறுப்பினர் எத்தனை பேர், அவர்களுக்குள் குடும்ப உறவு உண்டா, கூட்டக் குறிப்பு எழுதுகிறீர்களா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கும். ஏழாம் பகுதியில் ஒவ்வொரு உறுப்பினரும் வாரத்துக்குச் சராசரி எத்தனை மணி நேரம் உழைக்கிறார் என்று ஒரு கட்டம் இருக்கிறது. விழா மேடையில் ‘அல்லும் பகலும் அயராது’ என்று பாராட்டப்படுகிற பலர் அந்தக் கட்டத்தில் 1 என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். வருமானவரித் துறையிடம் மனிதர்கள் கொஞ்சம் உண்மை பேசுகிறார்கள். யாருக்காக நிறுவனம் நடக்கிறதோ அவர்களில் எத்தனை பேர் குழுவில் இருக்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் அத்தனை பக்கங்களில் எங்கும் இல்லை.

கேள்வி இல்லாவிட்டாலும் கண்துடைப்புக்காவது ஒருவரைச் சேர்த்துக்கொள்கிற குழுக்கள் உண்டு. சேர்த்துக்கொண்ட பிறகு என்ன நடக்கும் என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

கூட்டத்துக்கு முந்தின இரவு ஒன்பது மணிக்கு எல்லாருக்கும் மின்னஞ்சலில் கோப்பு வரும். வரவுசெலவு, தணிக்கை அறிக்கை, நாளைய தீர்மானங்கள். அறுபது எழுபது பக்கத்தையும் காகிதத்தில் அச்சிட்டு, மறுபடி ஸ்கேன் பண்ணி, படமாக அனுப்பியிருப்பார்கள். பார்வையற்ற உறுப்பினரான ஓர் அம்மாள் கோப்பைத் திறப்பார். எழுத்தை உரக்கப் படிக்கிற ஸ்கிரீன் ரீடர் மென்பொருள், ‘வெற்று ஆவணம்’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். படத்துக்குள் இருக்கிற எழுத்து அதற்கு எழுத்து இல்லை. எழுத்துக் கோப்பாக அனுப்புங்கள் என்று அவர் பதில் போடுவார். காலையில் கூட்டத்தில் தலைவர் அன்பொழுகச் சொல்வார்: “அதனால் என்ன, முக்கியமானதை நாங்கள் வாசித்துக் காட்டுகிறோம்.”

முக்கியமானது எது என்று தீர்மானிக்கிறவர் யார்? அவர்தான். அச்சில் இருப்பதைக் கண் தெரியாதவரின் காதுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் இந்த நிறுவனத்துக்குப் பிழைப்பு. ஊரில் எவன் வீட்டு மரண அறிவித்தலையும் வரி விடாமல் வாசிக்கிறார்கள். சொந்த வரவுசெலவை மட்டும் தங்கள் குழு உறுப்பினருக்கே படமாக்கி அனுப்புகிறார்கள். கருவி புதிது, பழகவில்லை என்று தப்பிக்கவும் வழியில்லை. விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டரின் நிறுவனம் ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடரை வெளியிட்டது 1989-இல். 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற இன்னொன்றை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் வளர்த்தெடுத்தார்கள்; இன்றுவரை அது உலகத்துக்கே இலவசமாகக் கிடைக்கிறது. அவர்களும் கௌரவத் தொண்டர்களாகத்தான் ஆரம்பித்தார்கள். அவர்கள் பெயரில் எந்த ஓட்டலிலும் விருந்து நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

விருந்து என்றதும் ஞாபகம் வருகிறது. நிதி திரட்ட ‘இருட்டில் விருந்து’ என்று ஒன்று நடத்துகிறார்கள். ஊர்ப் பணக்காரர்கள் பெரிய தொகைக்குச் சீட்டு வாங்கி, கோட்டு சூட்டோடு வந்து, கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட வேண்டும். தட்டில் மீனைத் தேடுவார்கள், ஒயினைப் பக்கத்து மடியில் கொட்டுவார்கள், ஒரே சிரிப்பு. கடைசியில் கட்டை அவிழ்த்துவிட்டு, ‘இப்போதுதான் புரிகிறது, எவ்வளவு கொடுமை’ என்று கண்கலங்குவார்கள். இரண்டு மணி நேரத்தில் அவர்களுக்குப் புரிந்தது கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிடத் தெரியாது என்பது மட்டும்தான். முப்பது வருடமாகப் பார்க்காமல் சமைத்துச் சாப்பிட்டு, பிள்ளைகளை வளர்த்து, பஸ் ஏறி வேலைக்குப் போய்வந்தவரைப் பற்றி ஒரு மண்ணும் புரிந்திருக்காது. அப்படிப்பட்ட ஒருவரை அன்றைக்கு மேடையில் ஏற்றிக் கண்ணீர் வரும்படி ஐந்து நிமிடம் பேசச் சொல்வார்கள். அவர் சம்பளத்தைப் பற்றியோ பஸ் வசதியைப் பற்றியோ பேசிவிட்டால் அடுத்த வருடம் வேறு ஆள்.

குழுவில் இடம் பிடிக்கவும் இதே பணம்தான் வழி. ‘கொடு, இல்லையென்றால் திரட்டிக்கொண்டு வா’ என்பது பல குழுக்களில் எழுதியும் எழுதாமலும் உள்ள விதி. வருடத்துக்கு இவ்வளவு என்று தொகை கட்ட முடிந்தவருக்கே நாற்காலி. வேலைக்கு மனுப்போட்டால் வெள்ளைப் பிரம்பைப் பார்த்ததும் ‘சொல்லி அனுப்புகிறோம்’ என்று கதவைச் சாத்துகிற உலகத்தில் பார்வையற்றவர் அந்தத் தொகைக்கு எங்கே போவார்? அவர் வராததற்குக் காரணம் கேட்டால், தகுதியானவர்கள் கிடைப்பதில்லை என்று பதில் தயாராக இருக்கிறது.

கிடைப்பதில்லையாம். 1974-இல் வாஷிங்டன் வட்டாரத்துக்கு ‘வாஷிங்டன் இயர்’ என்ற வாசிப்புச் சேவையைத் தொடங்கியவர் பார்வை இழந்த மார்கரெட் ராக்வெல். அதோடு நிற்கவில்லை. 1981-இல் அரீனா ஸ்டேஜ் நாடக அரங்கில் மேடையில் நடப்பதை நடக்க நடக்கக் காதுக்குச் சொல்லும் ஒலி விவரணையையும் அவர் குழுவே தொடங்கியது. 1999-இல், வீட்டு இணையம் தொலைபேசிக் கம்பியில் முனகிக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்கப் பார்வையற்றோர் கவுன்சில் தனக்கென்று இணைய வானொலி ஆரம்பித்தது. அதைக் கட்டி நடத்தியவர் நியூசிலாந்தைச் சேர்ந்த ஜோனதன் மோசன், பிறவியிலேயே பார்வையற்றவர். இன்னும் பின்னால் போனால், 1920 ஏப்ரலில் பிரிட்டனின் பட்டறைகளில் வேலை செய்த பார்வையற்ற தொழிலாளர்கள், தருமம் வேண்டாம், நியாயம் வேண்டும் என்ற பதாகையைத் தூக்கிக்கொண்டு மான்செஸ்டரிலிருந்தும் லீட்ஸிலிருந்தும் நியூபோர்ட்டிலிருந்தும் லண்டன் வரை நடந்தார்கள். அந்தப் பட்டறைகளை நடத்தியவர்களும் தரும சிந்தனையுள்ள கௌரவக் கமிட்டிக்காரர்கள்தான்.

பார்வையற்றவர்கள் கையில் கொடுத்தால் எல்லாம் பொன்னாக விளையும் என்று சொல்ல வரவில்லை. 1940-இல் பிறந்த தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு, தலைமைக்கு எவ்வளவு அதிகாரம் என்ற சண்டையில் உடைந்துதான் 1961-இல் கவுன்சில் உருவானது. மேற்படி சண்டையில் எந்தப் பக்கமும் மென்மையாக நடந்துகொள்ளவில்லை. அவர்களிலும் நாற்காலிப் பித்தர்கள் உண்டு, கணக்குத் தெரியாதவர்கள் உண்டு. கண் தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்துவரும் மோசமாக நிர்வகிக்கும் உரிமையை இவர்களுக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? தவிர, அவர்கள் தவறு செய்தால் அந்தத் தவறு மறுநாள் காலை அவர்கள் வீட்டு ரேடியோவிலேயே கேட்கும்.

இப்போதைய மோஸ்தர், பெட்டியை ஒழிப்பது. சப்கேரியருக்குச் செலவாகிறது, எல்லாரும் இணையத்துக்கு மாறிவிட்டார்கள், கைபேசியில் செயலி இருக்கிறதே என்று குழுக்கள் அறிவிக்கின்றன. எல்லாரும் என்றால் குழுவில் உள்ள எல்லாரும். கேட்பவர்களில் பெரும்பகுதி வயதான காலத்தில் பார்வை போனவர்கள். அவர்களில் எத்தனை வீடுகளில் இணையம் இருக்கிறது என்று கேட்டால், கருத்துக் கணிப்பு நடத்தினோமே என்பார்கள். இணையத்தில் நடத்தியிருப்பார்கள். படிவத்தின் கடைசியில், போக்குவரத்து விளக்கு உள்ள படங்களைத் தேர்ந்தெடுத்து நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்கும்படி கேட்டிருப்பார்கள். நிரூபிக்க முடியாதவர்களின் கருத்து, எதிர்ப்பு இல்லை என்ற கணக்கில் சேர்ந்துவிடும்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்களிடம் நிலையம் இருக்கிறது, மைக் இருக்கிறது, கேட்பதற்கு ஆள் இருக்கிறது. உங்கள் நிர்வாகக் குழுக் கூட்டத்தை உங்கள் வானொலியிலேயே ஒலிபரப்புங்கள். முழுக் கூட்டமும், நேரலையாக. ஊழியர் விவகாரம் என்றால் அந்தப் பத்து நிமிடம் மைக்கை அணைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி யார் என்ன சொன்னார், எதை வெட்டினார், எதற்குச் செலவழித்தார் என்பதைப் பெட்டியின் மறுபக்கம் இருப்பவர்கள் கேட்கட்டும். பத்து நிமிடத்தில் மணி அடிக்கிற அந்தத் தொலைபேசியைக் கூட்ட அறைக்கே மாற்றி வையுங்கள்.

அந்த அம்மாள் இதை ஒரு நாள் தீர்மானமாகக் கொண்டுவருவார். வக்கீல் உறுப்பினர் சட்டச் சிக்கல் என்பார். விளம்பரக்காரர், நேயர்களுக்குச் சலிப்புத் தட்டும் என்று கவலைப்படுவார். தலைவர் எல்லாரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு வாக்கெடுப்புக்கு விடுவார். “ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்.”

“எத்தனை கை?” என்று அந்த அம்மாள் கையைத் தூக்கியபடியே பக்கத்தில் கேட்பார்.

“ஒன்று.”