பாம்பு ஆடட்டும், நீ கிட மக்கா

லேய் மக்கா, ஞாயித்துக்கெழம அதுவுமா விடியக்காலம் எந்திரிச்சு, மேலு கழுவி, நாற்காலியில நட்டமா இருந்து ராக் பாட்டு கேக்கியே, இது எந்த ஊரு நியாயம்டே? ஒரு பாட்டு பாதி ஓடுகதுக்குள்ள அடுத்ததுக்குத் தள்ளுத. கேட்டா, "எது கொள்ளாம்னு பாக்கேன் பாட்டா"ங்க. மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்கவன்கூட இதைவிட நிதானமா பாப்பான்.

ஒழுங்கா கேக்கணும்னா மொதல்ல மடியனா இருக்கப் படிக்கணும். படிப்புரையில பாயை விரி. தலைக்குக் கையை வச்சுக்கோ. கட்டஞ்சாயா ஆறிப்போனா ஆறட்டும்.

நீ இப்பம் கேக்கது 'அவியல்' ஆல்பம்தானே? கொள்ளாம். திருவனந்தபுரத்துல கூடின கூட்டம், மலையாளத்துல ராக் பாடி 2008-ல வெளியிட்டானுவ. கூட்டத்துக்கும் அவியல்னுதான் பேரு, ஆல்பத்துக்கும் அதே பேரு. இன்னொரு பேரு யோசிக்கவும் மடி பிடிச்சிருக்கு பாத்துக்கோ, அங்கதான் எனக்கு அவனுவளப் பிடிச்சுப்போச்சு. மொத்தம் எட்டுப் பாட்டு. அதுல ஒண்ணுக்கு 'எட்டாம் பாட்டு'ன்னே பேரு! ரெக்ஸ் விஜயன் கித்தாரப் போட்டு இழுக்கான், டோனி ஜான் பாடுகான். 'நட நட'ன்னு ஒண்ணு உண்டு. அவன் அப்படித்தான் சொல்லுவான், நீ நடந்துராதே.

மலையாளம் புரியல்லன்னு மூக்கால அழாதே. 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுக்காவும் மலையாள ராஜ்யத்துப் பக்கம்தான் கிடந்தது. நான் பள்ளிக்கொடம் போகையில மலையாள வாத்தியாரு என் காதைத் திருகித் திருகி எழுத்து படிப்பிச்சாரு. அந்தக் காதுக்கு இப்பம் ஓசியில அர்த்தம் கிடைக்கு. உனக்கு அந்தத் திருகலு கிடைக்கல்ல. சத்தத்த மட்டும் கேளு, மோசமில்ல.

ஆனா அதே ஆல்பத்துல உள்ள 'ஆடு பாம்பே'க்கு எந்த வாத்தியாரும் வேண்டாம் கேட்டியா. நம்ம பாம்பாட்டிச் சித்தர் பாம்பைக் கூப்பிட்ட அதே கூப்பாடுதான். அதை மலையாளத்துல 'குண்டலினிப் பாட்டு'ன்னு பாடினது ஆருன்னு நினைக்க? ஸ்ரீ நாராயண குரு. தமிழ்லயும் பாடினவருதான். 1888-ல அருவிப்புரத்துல சிவன பிரதிஷ்டை பண்ணினாரே, அதுக்கும் முன்னால அவரு போயி தவத்துல இருந்த எடம் எதுன்னு கேளு. அன்னா, பொற்றையடி பக்கம் நிக்கி பாரு மருந்துவாழ் மலை, அதுலதான். பிள்ளைத்தடம் குகைன்னு சொல்லுவாவ. பஸ்ஸுல போகையில எத்தன வாட்டி பாத்திருப்ப? பாத்திருக்க மாட்ட, போனைல்லா பாத்துக்கிட்டுப் போவ.

முதுகெலும்புக்கு அடியில சுருண்டு உறங்குக பாம்ப எழுப்பத்தான் அந்தப் பாட்டு. குகையில பட்டினி கிடந்த மனுசரு பாடினதுக்கு, இந்தப் பயலுவ கித்தாரும் டிரம்ஸும் வச்சு உருட்டுகானுவ. பாம்பு எந்திரிச்சு படம் எடுத்து ஆடுது, கேக்கவன் போர்வைக்குள்ள கிடக்கான்! நல்லா கிட. தவம் அவரு இருந்தாச்சு, ஆட்டம் பாம்பு ஆடியாச்சு, நமக்கு ஒரு சோலியும் பாக்கியில்ல.

குருவோட பாட்டை இப்பிடிப் போட்டு அடிக்கலாமான்னு எவனாம் நெத்தியச் சுருக்கிக்கிட்டு வருவான். அவனுக்கு ஒழுகினசேரிக்கு வழி காட்டு. வில்லுப்பாட்டுல தொடங்கின அந்த ஊருக்காரரு, நம்ம என்.எஸ். கிருஷ்ணன், நந்தனார் சரித்திரத்தக் 'கிந்தனார்'னு மாத்தி, படிக்கதுக்குப் பட்டணம் போன பையன் கதையாக்கி, 1949-ல 'நல்லதம்பி' படத்துல காலட்சேபம் பண்ணினாரு. நந்தனாருக்கு என்ன கொறஞ்சு போச்சு? சனம் சிரிச்சுது, விசயமும் உள்ள போச்சு.

சத்தம் கூடுதல்னு உங்க அம்மை முணுமுணுப்பா. முத்தாரம்மன் கொடையில நையாண்டி மேளக்காரன் தவிலும் பம்பையுமா ராமுழுக்க இடிக்கையில, அவ மடியில வாயப் பிளந்து உறங்கினவன்தான் நீ. அன்னைக்கு இல்லாத காதுவலி இன்னைக்கு எங்கேருந்து வந்துதுன்னு கேளு. பைய கேளு, கரண்டி கையில இல்லாத நேரமாப் பாத்து.

அந்தப் பாட்டுக்காரனுவகிட்ட எனக்கு ஒரே ஒரு வழக்குதான் உண்டு. அவியல்னு பேரு வச்சிருக்கானுவளே, எந்த அவியல்? மலையாளத்துப் பக்கம் பலரும் தயிரை ஊத்துவானுவ. நம்ம பக்கம் பல வீட்டுல மாங்காயோ புளியோதான் போடுவாவ, கத்தரிக்காயும் சேரும். சேனை, வாழைக்காய், முருங்கைக்காய், வெள்ளரிக்காய் எல்லாம் விரல் நீளத்துக்கு நறுக்கி, வேக நேரமாகுத காயை மொதல்ல போட்டு, தேங்கா, சீரகம், பச்சமிளகா அரைப்பு கொரகொரன்னு சேத்து, கடைசியில பச்சத் தேங்காண்ணெய்யும் கறிவேப்பிலையும் போட்டு மூடிரணும். கிண்டிக்கிட்டே நின்னா காய் ஒடஞ்சு கூழாயிரும். 2011-ல 'சால்ட் அண்ட் பெப்பர்'னு ஒரு சாப்பாட்டுப் படம் வந்துதே, அதுலயும் 'ஆனக்கள்ளன்' பாடினது இதே கூட்டம்தான். சாப்பாட்டை விட்டுப் போக மாட்டானுவ போல. ஆனா தயிரா மாங்காயான்னு இன்னும் தீர்ப்பு சொல்லல்ல.

அடுப்படியில சட்டி ஏறியாச்சு, மணம் வருது. இப்பம் தேங்கா திருவ ஆளு வேணும்னு உங்க அம்மை சத்தம் போடுவா. பாட்டாதான் அசையாம கிடன்னு சொன்னாருன்னு என் பேரை இழுத்துராதே மக்கா. எனக்கும் அவ கையாலதான் சோறு.