‘இருக்கணுமே’ அண்ணன்

ராத்திரி செத்துப்போன ஃபைலுக்கு விடியற்காலையில்தான் வைத்தியம் கிடைக்கும். அண்ணனுக்கு அப்போதுதான் ஓய்வு. ஓய்வு என்றால், ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தைத் தாண்டி, சிங்கப்பூரின் உட்லண்ட்ஸை நோக்கி ஊரும் மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்கு நடுவே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கும் நேரம். 1924இல் கடற்பாலத்தைத் திறந்தவர்கள் ரயிலையும் சரக்கையும் பற்றித்தான் யோசித்திருப்பார்கள். அதிகாலையில் அங்கிருந்து வேர்ட் கோப்புகளுக்கு ஆலோசனை போகும் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் குரல் வரும். பின்னணியில் ஹார்ன்.

“ஒண்ணும் பிரச்சினை இல்ல. ஓப்பன் போங்க. ஓப்பன் பட்டனுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு அம்பு இருக்கும். அதுல ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’. தட்டுங்க. முடிஞ்சிச்சு.”

“அம்பு இல்லண்ணே.”

“இருக்கணுமே.”

இந்த ஒரு சொல்லில்தான் அண்ணனின் கணினி ஞானம் முழுவதும் அடங்கியிருக்கிறது. முதல் ‘இருக்கணுமே’ சாந்தமானது. சரியாகப் பார்க்கவில்லை போலும் என்ற பெருந்தன்மை அதில் உண்டு. இரண்டாவதில் எதிராளியின் கண் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. மூன்றாவதில் கம்ப்யூட்டர், அதை விற்ற கடை, வாங்கிய நிர்வாகக் குழு எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. நான்காவது வருவதற்குள் வரிசை நகர்ந்துவிடும். பிறகு சாயங்காலம் வரை அண்ணன் வேறு நாட்டில் இருப்பார்.

கோயில் பொருளாளரானாலும் சரி, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியையானாலும் சரி, சொல் மாறாது. தலைமையாசிரியைக்கு மட்டும் முன்னால் ஒரு ‘டீச்சர்’ சேரும்: “டீச்சர், இருக்கணுமே.” கணினிக்கு வெளியிலும் இதே கதைதான். மாமாக் கடையில் ராத்திரி பதினோரு மணிக்கு ரொட்டி சானாய் தீர்ந்துவிட்டது என்று சொன்னால், கல்லைத் துடைத்துக்கொண்டிருப்பவரைப் பார்த்து “இருக்கணுமே” என்பார். மாவு பிசைந்தவனுக்கே தன் மேல் சந்தேகம் வந்து உள்ளே போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவான்.

அந்த அம்பு எங்கே போயிற்று? வேர்ட் 2013 வந்ததிலிருந்து, ‘ஓப்பன்’ அழுத்தினால் முதலில் வருவது அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியல். அங்கே அம்பு கிடையாது. ‘பிரவுஸ்’ என்பதை அழுத்தி, பழைய பாணிச் சிறு சன்னலுக்குப் போய், கெட்டுப்போன கோப்பை ஒரே ஒரு முறை சொடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் இரண்டு முறை சொடுக்கினால் அது நேரே திறக்கப் பார்த்து மறுபடியும் மண்ணைக் கவ்வும். பிறகு கீழே வலது மூலையில் இருக்கும் ஓப்பன் பொத்தானை விட்டுவிட்டு, அதை ஒட்டியிருக்கும் அம்பைப் பிடிக்க வேண்டும். எறும்பு உட்கார்ந்தால் மறைந்துவிடும் அளவு. கோப்பு கெட்டுப்போன பதற்றத்தில் இருப்பவர்தான் அதைத் தேட வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ.

கைப்பேசி வேர்டில் அது அடியோடு இல்லை. உலாவியில் ஓடும் வேர்டிலும் இல்லை. லிப்ரே ஆபீஸில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை. கோப்பு உடைந்திருப்பது தெரிந்தால் ‘சரிசெய்து பார்க்கட்டுமா’ என்று அதுவே கேட்கும். “நீங்க எதுல பாக்குறீங்க?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், சங்கச் செயலாளர் படுக்கையில் கிடந்தபடி கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது அண்ணனுக்கு உடனே தெரிந்திருக்கும். அந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கும் பொறுப்பாளர் பட்டியலும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும். அதில் ஒரு வாரம் அம்பு தேடுவதிலேயே கழிந்தால் செயலாளருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அண்ணன் நேரில் வந்துவிட்டால் கதையே வேறு. வேலை முடிந்து, எல்லை கடந்து, ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து உட்காருவார். கோப்பின் வாலில் இருக்கும் ‘டாக்எக்ஸ்’ என்பதை அழித்து ‘ஜிப்’ என்று மாற்றுவார். சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். வேர்ட் 2007இலிருந்து வரும் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் நாசி லெமாக் பொட்டலம் மாதிரி. பிரித்தால் சோறு தனி, சம்பல் தனி. ‘வேர்ட்’ என்ற உறைக்குள் முதன்மை எழுத்தெல்லாம் ‘டாக்குமென்ட்’ என்ற ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும். படங்கள் ‘மீடியா’ என்ற உறையில் கிடக்கும். வேர்ட் கைவிரித்த பொதுக்கூட்டப் படங்களை அண்ணன் அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைத்திரையில் போடும்போது, தலைவருக்கு மாலை போட்ட படம் முதலில் வந்தால், அன்றைக்குத் தே தாரிக் தலைவர் செலவு.

கோப்பை நோட்பேடில் திறந்து முதல் இரண்டு எழுத்தைக் காட்டுவதும் வழக்கம். ‘பி.கே.’ என்றிருக்கும். 1989இல் ஜிப் வடிவத்தை உருவாக்கிய அமெரிக்கர் ஃபில் காட்ஸின் தலைப்பெழுத்து அது. “மனுஷன் 2000லயே போய்ச் சேர்ந்துட்டாரு. நம்ம ஒவ்வொரு ஃபைல்லயும் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்காரு பாருங்க” என்பார். நூறாவது தடவை சொன்னாலும் குரலில் அதே வியப்பு. அந்த நேரத்தில் அவரைக் கோபிக்க முடியாது.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில் கணித ஆசிரியைகளுக்கு அவர் செய்த உதவியையும் சொல்லாமல் விட முடியாது. வேர்ட் 2007இலும் 2010இலும் ஒரு வினோத நோய் இருந்தது. சமன்பாடு இருக்கும் பத்தியிலேயே ஓர் உரைப்பெட்டியையோ படத்தையோ நங்கூரமிட்டால், சேமித்த கோப்பு மறுநாள் திறக்காது. தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் பொருந்தவில்லை, தவறு வரி 2இல் என்று பிழைச்செய்தி வரும். பாவம் ஆசிரியை, அச்செடுத்து வைத்திருந்த பயிற்சித்தாளில் இரண்டாவது வரியைப் பார்ப்பார். பள்ளியின் பெயர் இருக்கும். பள்ளிப் பெயரில் என்ன தவறு என்று ஒரு நாள் முழுக்க யோசிப்பார். அந்த எக்ஸ்எம்எல் கோப்பில் மொத்தமே இரண்டு வரிதான். முதல் வரி அறிவிப்பு, இரண்டாவது வரியில்தான் ஆவணம் முழுவதும் நீண்டு கிடக்கிறது என்பதை அண்ணன் சொன்னபோது, அந்த அம்மா அவரை டாக்டரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’ தீர்க்காத நோய் அது. இடம் மாறிக் கிடந்த குறிகளைக் கையால்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. பின்னர் மைக்ரோசாஃப்ட்டே அதற்குத் திருத்தம் வெளியிட்டது.

அவரையும் ஒருவர் மடக்கியிருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரின் பழைய டாக் கோப்பு. அண்ணன் கோப்பு வகைப் பட்டியலின் அடியில் இருக்கும் ‘எந்தக் கோப்பிலிருந்தும் எழுத்தை மீட்பது’ என்ற வழியைப் பிடித்தார். பழைய டாக் கோப்புக்கு அது நல்ல வழிதான். ஆனால் மீண்டு வந்தது தமிழில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. “வைரஸ் டீச்சர், போயிருச்சு” என்றார் அண்ணன். டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சொல்லைத் தொட்டார்: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. “இது ‘தமிழ்’னு இருக்கு. பாமினியில தட்டுனது. அந்த எழுத்துருவைப் போடுப்பா.”

“பாமினி இந்த மெஷின்ல இல்லையே டீச்சர்.”

“இருக்கணுமே” என்றார் டீச்சர்.

முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாட்டில் அண்ணனுக்கு இப்படி ஓர் அடி விழுந்திருக்க வேண்டாம்.

எல்லா ஃபைலும் பிழைப்பதில்லை. எழுதி முடிப்பதற்குள் பென்டிரைவைப் பிடுங்கியவர்களின் கோப்பில் சில நேரம் அளவு மட்டும் சரியாக இருக்கும், உள்ளே வெறும் பூஜ்யம். நோட்பேடில் ‘பி.கே.’ வராது. அந்தக் கோப்புக்குள் மீட்க எதுவுமே இல்லை. காசு கேட்கும் பழுதுபார்ப்பு மென்பொருள் எதை வாங்கினாலும் வெள்ளிதான் போகும். அப்போதுகூட அண்ணன் பழக்கத்தில் “இருக்கணுமே” என்பார், ஆனால் மெதுவாக. ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைப்பார். தானாகச் சேமித்த பிரதி எங்காவது கிடக்கிறதா என்று நள்ளிரவு தாண்டியும் தேடுவார், நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டியவர். அலைக்குறியும் டாலர் குறியுமாகத் தொடங்கும் ஒரு கோப்பைக் கண்டு செயலாளர் “கிடைச்சிருச்சு!” என்று கத்துவார். அது 162 பைட். கோப்பை யார் திறந்து வைத்திருக்கிறார் என்ற பெயரைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. அண்ணன் அதை உடனே சொல்ல மாட்டார். இன்னும் ரெண்டு இடம் பார்த்துவிட்டுச் சொல்வார்.

போன பொதுக்கூட்ட அறிக்கை ஒருவழியாகப் பிழைத்தது. கடைசிப் பத்திக்குறியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நகலெடுத்துப் புதுக் கோப்பில் ஒட்டினார். கெடுதி பல நேரம் அந்தக் கடைசிக் குறியில்தான் ஒளிந்திருக்கும். கிளம்பும்போது, போகிற போக்கில், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று உள்ளே போய் ‘எப்போதும் காப்புப் பிரதி எடு’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டார். வேர்டில் வெகுகாலமாக இருக்கும் வசதி. நாமாகப் போடாவிட்டால் அணைந்தே கிடக்கும். இனி ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தைய வடிவம் தனியாக நிற்கும் என்றார்.

செயலாளர் ஒரு நிமிடம் திரையையே பார்த்தார்.

“இத்தனை வருஷமா இது இருக்காண்ணே? முன்னாடியே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க கேக்கலையே” என்றார் அண்ணன், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு.