பாட்டி, அத்தை, பேத்தி: தடை செய்யப்பட்ட ஒரு குழுவின் கதை

பாப் பாடும் பெண்கள் குழு சுயசரிதை எழுதினால் எந்த ஊரிலும் நடப்பது ஒன்றுதான். பெண்பிள்ளைகள் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார்கள். பெரியவர்கள் "இதெல்லாம் ஒரு புஸ்தகமா?" என்பார்கள், ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் அத்துப்படி. ஸ்பைஸ் கேர்ள்ஸ் 1999இல் இந்த வேலையைச் செய்தார்கள். நம் பக்கத்தில் அதற்கு இருநூறு வருஷத்துக்கும் முன்பே செய்து, வாங்கிக் கட்டிக்கொண்டும் ஆயிற்று.

ஆந்திர-தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் ஸ்ரீ சிட்டிக்காரர்களுக்கு இந்தக் கதை எளிதில் பிடிபடும். தமிழில் டீ சொல்லி, தெலுங்கில் சில்லறை வாங்குகிற வட்டாரம் அல்லவா! பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சாவூரும் அப்படித்தான் இருந்தது. ஊர் பேசியது தமிழ், சிம்மாசனத்தில் மராட்டியர், காவியம் மட்டும் தெலுங்கு. அங்கே பிரதாபசிம்மன் (1739–1763) சபையில் நட்சத்திரமாக இருந்தவள் முத்துப்பழனி. ஆடுவாள், பாடுவாள், ஆண்டாளின் திருப்பாவையைத் தெலுங்காக்குவாள். இத்தோடு நின்றிருந்தால் இன்று அவள் பெயரில் ஒரு பஜனை மண்டலி இருந்திருக்கும். அவளோ 584 பாட்டில் 'ராதிகா சாந்த்வனம்' என்று ஒன்றை எழுதிவைத்தாள்.

வம்பு பாயிரத்திலேயே ஆரம்பம். காவியம் எழுதுகிறவர்கள் தாத்தா, முப்பாட்டன், கோத்திரம் என்று வரிசையாக அறிமுகம் செய்துகொண்டு, கடைசியில் "அடியேன் அற்பன்" என்று கும்பிடு போடுவது வழக்கம். முத்துப்பழனி தன் கவிதைப் பரம்பரையைப் பாட்டி வழியாகவும் அத்தை வழியாகவும் சொன்னாள். தாத்தாக்களுக்கு மேடையில் நாற்காலியே போடவில்லை. கும்பிடும் இல்லை. என் அழகைப் பாருங்கள், என் படிப்பைப் பாருங்கள், என்னைப்போல் பண்டிதர்களுக்குப் பரிசுப்பணம் கொடுத்த பெண் வேறு யார், எனக்குப்போல் வேறு எவளுக்குக் காவியம் சமர்ப்பணமாகியிருக்கிறது என்று சவால் விட்டாள். இன்றைக்கு இதை எழுதித் தர ஒரு பிஆர் கம்பெனி மாதச் சம்பளம் கேட்கும்.

அடுத்தது கதை. தான் வளர்த்த இளா என்ற பெண்ணை ராதையே கிருஷ்ணனுக்குக் கட்டிக்கொடுக்கிறாள். முதலிரவுக்கு இரண்டு பேருக்கும் யோசனை சொல்லி அனுப்புகிறாள். அனுப்பிவிட்டு வெந்து சாகிறாள். புது மனைவியோடு கிருஷ்ணன் மெய்மறந்து கிடக்க, ராதைக்குக் கோபம் தலைக்கேறுகிறது. அவன் ஓடிவந்து காலில் விழாத குறையாகச் சமாதானம் செய்கிறான். முத்துப்பழனியின் பாட்டி தஞ்சநாயகியும் அதே பிரதாபசிம்மனின் அபிமானத்துக்குரியவளாக இருந்தவள்தான். பேத்தி வந்ததும் ராஜா பாட்டியை மறந்தார், பிறகு போய்ச் சமாதானம் செய்தார், அதுவே காவியமாயிற்று என்று ஊகிக்கிறவர்கள் உண்டு. ஊகம்தான். ஆனால் பாட்டியையும் பேத்தியையும் தவிர வேறு யாருக்கு இத்தனை நுணுக்கம் தெரிந்திருக்கும் என்றும் தோன்றுகிறது.

இனி வாசகர் அபிப்பிராயம். 1887இல் பைடிபாடி வேங்கடநரசு என்பவர் அச்சுப்போட்டார். அந்தப் பாயிரத்தை அப்படியே கத்தரித்துவிட்டார், சில பாட்டுகளையும் சேர்த்து. ஒரு பெண் எழுதிய காவியத்தை ஒப்புக்கொண்டாலும், பாட்டியையும் அத்தையையும் ஒப்புக்கொள்ள அவர் தயாராக இல்லை போலிருக்கிறது.

அடுத்த வாசகர் சாதாரண ஆளில்லை: கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு. 1881இலேயே ராஜமுந்திரியில் விதவைக்கு மறுமணம் செய்துவைத்து ஊரையே எதிர்த்து நின்றவர். அந்த மனிதர் முத்துப்பழனியிடம் வந்ததும் அத்தை வீட்டுத் திண்ணைக் கிழவராகிவிட்டார். நடத்தை கெட்டவள், கலையெல்லாம் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்கிறவள், பெண் காதால் கேட்கவும் கூடாததை வாயால் சொல்லியிருக்கிறாள் என்று தீர்ப்பு எழுதினார். கவனியுங்கள், முழுதும் படித்துவிட்டுத்தான்.

மூன்றாவது வாசகி பெங்களூர் நாகரத்தினம்மாள். பின்னாளில் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பிய அதே அம்மாள். தஞ்சைக் காலத் தெலுங்கு இலக்கியம் பற்றித் திருப்பதி வேங்கட கவுலு எழுதியதில் முத்துப்பழனியின் பெயரைப் பார்த்தார். (இந்தக் கவுலு இரட்டைப் புலவர்கள், ஒருவர் பெயர் திருப்பதி சாஸ்திரி, இன்னொருவர் வேங்கட சாஸ்திரி. நம்ம ஊர் மலைக்கும் அவர்களுக்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.) வேங்கடநரசு பதிப்பு கிடைத்தது, பிறகு சுவடியும் கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டபோதுதான் வெட்டுப்பட்டது தெரிந்தது. விடுபட்டதையெல்லாம் சேர்த்து, 1910இல் சென்னை வாவிள்ளா அச்சகத்தார் மூலம் முழுப் பதிப்பைக் கொண்டுவந்தார். முன்னுரையில் பந்துலுவுக்கும் ஒரு கேள்வி வைத்தார்: வெட்கம் பெண்களுக்கு மட்டும்தானா? இதைவிடப் பச்சையான ஆண்களின் நூல்களைப் பாடப்புத்தகமாக்கலாம், இது மட்டும் ஆகாதா?

பதிலுக்கு ஒரு பத்திரிகை, எழுதியவளும் வேசி, பதிப்பித்தவளும் வேசி என்று மதிப்புரையை முடித்துக்கொண்டது. அதற்குமேல் விவாதிக்க அவர்களிடம் சரக்கில்லை.

1911இல் ராதிகா பறிமுதலானாள். வெள்ளைக்கார அரசுக்குத் தெலுங்கு தெரியாது. எனவே ஆபாசமா இல்லையா என்று தீர்மானிக்க, சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் ஆட்சேபத்துக்குரிய பாட்டுகளைப் பொறுக்கி எடுத்து ஆங்கிலத்தில் தர வேண்டியிருந்தது. புஸ்தகத்தின் சிறந்த பகுதிகளை முதன்முதலில் தொகுத்த பெருமை அந்த ஆபீசுக்கே. போலீஸ் கமிஷனர் கன்னிங்ஹாம் பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார். பண்டிதர்கள் மனுப்போட்டும் பயனில்லை.

வெள்ளைக்காரன் மூட்டை கட்டும் நேரத்தில்தான், சென்னை மாகாணப் பிரதமராக இருந்த தங்குடூரி பிரகாசம் தடையை நீக்கினார். 1952இல் வாவிள்ளாவே மறுபடி அச்சிட்டது. நாகரத்தினம்மாள் காலமானதும் அதே ஆண்டு.

ஸ்ரீ சிட்டியில் இப்போது ட்ரிபிள் ஐடி இருக்கிறது, கிரியா பல்கலைக்கழகம் இருக்கிறது, ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஹாஸ்டலுக்குத் திரும்பும் ஆயிரக்கணக்கான பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். தெலுங்கு வாசிக்கத் தெரிந்த தோழி அறையில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். பாயிரத்தை மட்டும் தாண்டவிடாதீர்கள்.